மஹிந்திரா தாருக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம்: பட்டறையில் செய்வதா, செட்டாக வாங்குவதா?

2020-க்குப் பிந்தைய தாரின் பின்பக்கத்தை 2 அங்குலம் தூக்கினால் பினியன் கோணம் (பின் அச்சில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தின் சாய்வு) மாறி ஷாஃப்ட் அதிரக்கூடும். அச்சைச் சேசிஸோடு இணைக்கும் தண்டுதான் கன்ட்ரோல் ஆர்ம்; நீளம் மாற்றக்கூடியது அந்தக் கோணத்தைச் சரிசெய்யத்தான்.

மதுரை லேத் பட்டறையில் செய்தால் செலவு குறையும், அளவும் நம் கையில். 6 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் (நீளவாக்கில் மூட்டு இல்லாத) குழாய் எடுங்கள். தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருந்தால் வண்டியில் மாட்டியபடியே குழாயைத் திருகி நீளம் மாற்றலாம். மரை, விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே ஏறியிருக்க வேண்டும். 7018 வெல்டிங் ராடு ஈரமாக இருந்தால் வெல்டில் விரிசல் விடும். ஆர்ம் முனையில் ரப்பர் புஷ் போட்டபின் வெல்டிங் வைத்தால் ரப்பர் வெந்துவிடும். புஷ் உட்காரும் வளையத்தை முதலில் பற்றவைத்து, ஆறியபின் புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றுங்கள். பிரஷர் பைப் பற்றவைத்துப் பழகிய வெல்டர் இல்லையா? பேசாமல் வாங்கிவிடுங்கள்.

வாங்கும் செட் விலை கூடுதல். சிலவற்றில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் ஹைம் ஜாயின்ட் (உலோக உருண்டை மூட்டு) வரும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதியில் சீக்கிரமே தேய்ந்து டக் டக்கென்று தட்டும். ரப்பர் புஷ் உள்ளதைக் கேளுங்கள்.

எதுவானாலும் இருபக்க நீளமும் ஒன்றாக இருக்கட்டும். சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டை மறுபடி பாருங்கள்.