மூன்று கல்லா, ராக்கெட்டா, விசிறியா, புகைபோக்கியா? வீட்டுக்குள் விறகடுப்பு: ஓர் ஒப்பீடு

விறகடுப்பைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, விறகு எவ்வளவு பிடிக்கும் என்பதை. அடுத்த கேள்வி, பாத்திரத்தில் கரி பிடிக்குமா என்பது. இரண்டும் நியாயமானவைதான். ஆனால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே தீ மூட்டப் போகிறவர் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. விறகு ஈரம், வேலை அவசரம், கவனம் வேறெங்கோ என்று எல்லாம் சேர்ந்து வந்த ஒரு நாளில் இந்த அடுப்பின் புகை எங்கே போகும்? நான்கு வகை அடுப்புகளை இந்த ஒரு கேள்வியால்தான் இங்கே எடை போடுகிறேன். நல்ல நாளில் எல்லா அடுப்பும் நன்றாகவே எரியும்.

புகை வெறும் கண்ணெரிச்சல் சமாசாரம் இல்லை. வீட்டுக்குள் சூழும் மாசுபட்ட காற்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய்கள் வழியாக வந்த சாவுகள் இவை. தீக்காயங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

மூன்று கல் அடுப்பு

செலவில்லை, பழுதில்லை, எந்த அளவு விறகும் போகும். தீ அதிகமானால் கட்டையை வெளியே இழுத்தால் போதும். இவ்வளவு நல்ல பெயர் எடுத்த அடுப்பு வீட்டுக்குள் வந்ததும் ஏன் கெட்டுப்போகிறது என்று புரிய, விறகு எரிகிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் வாயுக்களாகக் கசிகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இப்படி வாயுவாகிவிடும். நாம் தீச்சுடர் என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். மிச்சமாகும் கரி பிறகு தணலாகக் கனிகிறது. அந்த வாயுக்கள் முழுதாக எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடும் போதுமான காற்றும் வேண்டும். திறந்த அடுப்பில் நாலாபுறமும் குளிர்ந்த காற்று பாய்கிறது; சுடர் மேலெழுந்ததும் பாத்திரத்தின் அடி அதைக் குளிர்விக்கிறது. எரியாமல் தப்பிய வாயுதான் புகை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அடுப்பைப் பொறுத்தவரை, அரைகுறை நெருப்புதான் புகைகிறது. விறகின் வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போய்ச் சேருவது பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம்தான்.

கூடவே, தீ தரை மட்டத்தில் திறந்து கிடக்கிறது. தவழும் குழந்தைக்கும் தொங்கும் துணி முனைக்கும் அது எட்டும். ஒரு கல் நகர்ந்தால் கொதிக்கும் பாத்திரம் சாயும். திறந்த வெளியில் எனக்கு இந்த அடுப்பின் மேல் எந்தப் பகையும் இல்லை. அறைக்குள் வேண்டாம்.

ராக்கெட் அடுப்பு

1980களில் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி வகுத்த வடிவம் இது. முழங்கை போல் வளைந்த குழாய். கீழ்வாயில் மெல்லிய சுள்ளிகள், நிமிர்ந்த பகுதியில் சுடர். அந்த நிமிர்ந்த பகுதியைச் சுற்றி வெப்பம் தப்பாதபடி காப்பு இருப்பதால், வாயுக்கள் பாத்திரத்தைத் தொடும் முன்பே பெருமளவு எரிந்துவிடுகின்றன. மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகுச் செலவு கணிசமாகக் குறையும்.

சொந்தமாகக் கட்டுகிறவர்கள் அதிகம் சறுக்குவது அந்தக் காப்பில்தான். தடித்த களிமண் சுவரோ கனமான செங்கல்லோ காப்பாகாது. அது முதல் அரைமணி நேர வெப்பத்தைத் தானே குடித்துவிடும். காற்றுப் பொதிந்த இலேசான பொருள்தான் தேவை, சலித்த சாம்பல் உட்பட. இன்னொன்று, சுள்ளிகளுக்கு அடியில் காற்று நுழைய இடம் விட வேண்டும். வாய் நிறையத் திணித்தால் ராக்கெட்டும் மூன்று கல்லாகிவிடும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்த அடுப்பு புகையைக் குறைக்கிறது, வெளியேற்றுவதில்லை. மிச்சப் புகையும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் அறைக்குள்தான் நிற்கும். தாழ்வாரத்திலோ திறந்த கொட்டகையிலோ வைத்தால் அருமையான அடுப்பு. மூடிய அறையில் வைத்துவிட்டு "புகையில்லா அடுப்பு" என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

விசிறி வைத்த வாயு அடுப்பு

ஆய்வுக்கூடத்தில் முதல் மதிப்பெண் இதற்கே. சிறு துண்டுகளாக நறுக்கிய விறகை நிரப்பி மேலிருந்து பற்றவைத்தால், கீழே வாயு உண்டாகி மேலே விசிறிக் காற்றோடு கலந்து எரியும். சுடர் கிட்டத்தட்ட எரிவாயு அடுப்பை நினைவூட்டும். ஆனால் இது கோபக்காரர். பாதியில் விறகு சேர்த்தால் முகம் சுளிக்கும். சுடர் அணைந்து உள்ளே கனன்றுகொண்டிருந்தால் அடர்ந்த வெண்புகை கிளம்பும். கடைசியில் கரி மட்டும் எரியும் கட்டத்தில் கார்பன் மோனாக்சைடு கூடும். விசிறி நின்றால் எல்லாம் நின்றது.

மலாவி நாட்டில் இத்தகைய அடுப்புகளை வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்து, ஐந்து வயதுக்குட்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016இல் வெளியானது. குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பது போன்ற பிற புகைகளைச் சுவாசிப்பதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அடுப்பை மாற்றினால் வீட்டுக் காற்று தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி.

புகைபோக்கி அடுப்பு

குவாத்தமாலாவில் திறந்த தீயையும் புகைபோக்கி அடுப்பையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. புகைபோக்கி இருந்த வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு சராசரியாகப் பாதியானது. மருத்துவர் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படி வேறுபாடு இல்லை. கடுமையான நிமோனியா குறைந்தது. பெரிய வெற்றி என்று கொட்டு முழக்க முடியாது. ஆனாலும் நான்கில் இது ஒன்றுதான் என் கேள்விக்கு நேர்ப்பதில் சொல்கிறது: மோசமான நாளிலும் புகையில் பெரும்பங்கு வெளியே போகும்.

அதற்கான கூலியை அது வேறு வழியில் வசூலிக்கிறது. குழாயில் போகும் புகை குளிர்ந்தால் உட்சுவரில் தார் போன்ற கரிப்பிசின் படியும். ஈர விறகும், காற்றுவாயை இறுக மூடி மந்தமாக எரியவிடும் பழக்கமும் இந்தப் பிசினை வளர்க்கின்றன. ஒருநாள் அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1000 டிகிரியைத் தாண்டும் தீ. இடி உருள்வது போன்ற இரைச்சல்தான் அதன் அறிவிப்பு. ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாயைத் துடைத்தே ஆக வேண்டும். தினமும் எரிப்பவர்கள் கூடுதலாக.

பொருத்தும்போது பார்க்க வேண்டியவை சில. அடுப்பிலிருந்து மரச்சுவர், திரைச்சீலை, விறகுக் குவியல் எல்லாம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழாய் எரியக்கூடிய கூரையைத் துளைத்துப் போகும் இடத்தில் வெறும் தகரக் குழாயை விடவே கூடாது. வெளியே, கூரையைத் தாண்டிக் குறைந்தது 3 அடி உயரம்; சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி கூடுதல். இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கும். அதே அறையில் புகையை இழுக்கும் மின்விசிறி ஓடினாலும் இதே கதைதான். விசிறி அறைக் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகக் காற்று உள்ளே வரும். ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த அடுப்பானாலும் விறகு

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் போய்விடுகிறது என்று சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் போவது சுமார் ஏழில் ஒரு பங்குதான். உண்மையான கேடு, ஆவி தீயைக் குளிர்விப்பது. முன்பு சொன்ன 600 டிகிரியை எட்டவிடாமல் அது தடுக்கிறது. அதனால்தான் நல்ல அடுப்பில் போட்ட பச்சை விறகு, சுமாரான அடுப்பில் போட்ட காய்ந்த விறகைவிட அதிகம் புகைகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர, பிளந்து அடுக்கி, மரத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை காயவிட வேண்டும். முனையில் வெடிப்பு விழுந்து, இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் தயார். காயவைக்கிறேன் என்று அடுப்புக்கு நேர் மேலே பரணில் அடுக்காதீர்கள். வண்ணம் பூசிய பலகையும், பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய மரமும் அடுப்புக்கு ஆகாது. பழைய மருந்துகளில் ஆர்சனிக் உண்டு. தீ மந்தமாக இருக்கிறதென்று மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. சுடர் ஊற்றும் கைக்கே ஏறிவிடும்.

ஆக, என் தேர்வு: உள்ளே ராக்கெட் வடிவ எரிகூடம், மேலே புகைபோக்கி. இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்ட அடுப்புகள் இருக்கின்றன. புகைபோக்கி வைக்க வழியே இல்லையென்றால் அடுப்பை வெளியே கொண்டு போங்கள், அது எந்த வகையானாலும். விசிறி அடுப்பு, துண்டு நறுக்கவும் கருவியைப் பழுது பார்க்கவும் பொறுமை உள்ளவர்களுக்கு.

ஒன்றில் மட்டும் நான்குக்கும் வேறுபாடு இல்லை. புகை அடங்கிவிட்டதென்று தணலை அறையில் வைத்துவிட்டுக் கதவடைத்துத் தூங்கக் கூடாது. தணல் புகைக்காது, மணக்காது, கார்பன் மோனாக்சைடை மட்டும் தாராளமாகத் தரும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். இந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கையறைப் பக்கம் இருப்பது நல்லது. அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி வெற்றுத் தரையில் வையுங்கள். உள்ளே கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆறிவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டாம்.