காடா, கடலா: ஆக்சிஜன் யார் தருவது?

கனடாவில் குளிர்காலத்தில் இலையுதிர் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது மூச்சுக்கு என்ன வழி என்று கவலைப்படுபவர்களுக்காக இது.

அளவு: காடு, புல், பயிர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பாதி. மீதி கடல்தான், அதுவும் கண்ணுக்கே தெரியாத மிதவை உயிர்கள். 1980களில் கண்டறிந்த புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் வெப்பக்கடல் நீரில் ஒரு சொட்டுக்கே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பருவம்: வடக்கே காடும் குளிரில் ஓய்கிறது, கடலும் வசந்தத்தில்தான் பொங்குகிறது. ஆனால் வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது தெற்கே கோடை, காற்று கலந்துவிடும்.

மிச்சம்: அமேசான் காடு தரும் ஆக்சிஜனை மட்கும் இலைகளும் உயிர்களும் அங்கேயே தீர்த்துவிடுகின்றன. கடலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், மட்காமல் அடியில் புதையும் சிறு பங்கு தவிர; அந்தப் பங்குக்கான ஆக்சிஜன்தான் காற்றில் மிஞ்சுகிறது.

சரி, காற்றிலுள்ள 20.95 சதவீத ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு, ஒரு குளிர்காலம் அதை அசைக்காது. அந்தச் சேமிப்புக்குக் கடலைச் சொல்லுங்கள். நிழலுக்கும் மழைக்கும் காடு.