குற்றவியலா, நீதி நிர்வாகமா, சட்டமா, தடய அறிவியலா?

குற்றம், காவல்துறை, நீதிமன்றம், சிறை இவற்றைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் மாணவர் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறந்ததும் நான்கு படிப்புகள் முன்னால் வந்து நிற்கும். கிரிமினாலஜி எனப்படும் குற்றவியல், குற்ற நீதி நிர்வாகம், சட்டம், தடய அறிவியல். நான்கிலும் குற்றம் இருக்கிறது என்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. நான்கு படிப்புகளும் கேட்கும் கேள்விகள் வேறு, கொடுக்கும் பயிற்சி வேறு, படித்து முடித்தபின் திறக்கும் கதவுகளும் வேறு.

ஒரே ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டு நான்கு வகுப்பறைகளுக்கும் போய்ப் பார்த்தால் இது விளங்கும். 1972-73இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி நகரக் காவல்துறையில் ஒரு சோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் வழக்கமான ரோந்தே கிடையாது. யாராவது அழைத்தால் மட்டும் போலீஸ் வண்டி உள்ளே போகும். இரண்டாவதில் எப்போதும் போல. மூன்றாவதில் ரோந்து இரண்டு மூன்று மடங்கு. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது குற்றங்களின் அளவிலும் மக்களின் பயத்திலும் மூன்று பிரிவுகளுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ அங்கே வசித்தவர்கள் பெரிதாகக் கவனிக்கவே இல்லை.

குற்றவியல் வகுப்பில் இந்த முடிவைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி, ஏன்? பிடிபடுவோம் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும், தண்டனையின் கொடுமை அல்ல என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். அப்படியானால் தெருவில் போகும் போலீஸ் வண்டி அந்த உறுதியைத் தரவில்லையா? அமெரிக்கக் குற்றவியலாளர் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் மினியாபொலிஸ் நகரைப் பற்றி 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. அந்த நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, வெறும் 3.3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தது. குற்றம் ஊர் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. ரோந்தை மட்டும் ஊர் முழுக்கச் சமமாகப் பரப்பினால் எந்த இடத்திலும் அது உறைக்காது. பின்னாளில் அதே நகரில் அந்த இடங்களில் மட்டும் ரோந்தைக் குவித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது.

குற்றவியல் மாணவர் அதோடு நிறுத்த மாட்டார். அந்த முகவரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று அடுத்துக் கேட்பார். சிகாகோவில் ஷா, மெக்கே என்ற ஆய்வாளர்கள் கண்டது அங்கேதான் கைகொடுக்கிறது. சில பகுதிகளில் குடியிருந்த இனக்குழுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறின. சிறார் குற்ற விகிதம் மட்டும் அங்கே தொடர்ந்து அதிகமாகவே இருந்தது. குற்றத்தை ஒரு சாதிமேலும் இனத்தின்மேலும் ஏற்றிப் பேசும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லக் கற்றுத்தருவது இந்தப் படிப்பு. எனக்கு இதன்மேல் மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

நீதி நிர்வாக வகுப்பில் அதே முடிவு வேறு விதமாகப் பேசப்படும். ரோந்து நேரத்தை எங்கே போடுவது? மிச்சமாகும் ஆட்களை எந்தப் பணிக்கு மாற்றுவது? சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் எத்தனை பேரைக் கண்காணிக்க முடியும்? விசாரணைக் கைதிகளால் சிறை நிரம்பி வழியும்போது ஜாமீன் நடைமுறையில் எதை மாற்றலாம்? இவை சின்னக் கேள்விகள் அல்ல. ஒருவர் ஆறு மாதம் கூடுதலாக உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் இவற்றில்தான் தீர்மானமாகிறது. இந்தப் படிப்பின் வேர் காவல் பயிற்சியில் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1916இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் போலீஸ்காரர்களுக்காக வகுப்புகள் தொடங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் வளர்ந்த குற்றவியல் பள்ளி, காவல்துறையையே கேள்வி கேட்கும் ஆசிரியர்களால் பேர் பெற்று, 1976இல் மூடப்பட்டது. அமைப்பை நடத்தக் கற்பதா, அமைப்பை விசாரிக்கக் கற்பதா என்ற இழுபறி இன்றும் ஓயவில்லை. நீங்கள் சேரப்போகும் துறை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதன் ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளே காட்டிக்கொடுக்கும்.

சட்டப் படிப்பில் கன்சாஸ் சிட்டிக்கு அநேகமாக இடமில்லை. ரோந்தில் வந்த போலீஸ்காரர் ஒருவரை நிறுத்திச் சோதிக்கலாமா, அப்படிக் கிடைத்த பொருளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்குமா என்பதே அங்கே கேள்வி. வழக்கறிஞராக வாதாட விரும்புகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சட்டம்தான். குற்றவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கறிஞராக முடியாது. இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டு திகைத்து நிற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். சேரும் முன்பே இதைச் சொல்ல வேண்டியது துறைகளின் கடமை.

தடய அறிவியல் இன்னும் தள்ளியிருக்கிறது. அது வேதியியல், உயிரியல், ஆய்வகம். பள்ளியில் வேதியியல் பிடிக்காதவர் டிவி தொடர்களைப் பார்த்துவிட்டு இதில் சேர வேண்டாம். பிடித்தவருக்கோ மிகுந்த பொறுப்புள்ள வேலை காத்திருக்கிறது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரல் ரேகையை, சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் கைதாகி, பிறகு விடுவிக்கப்பட்டார். டிஎன்ஏ நீங்கலாக மற்ற ஒப்பீட்டு முறைகளின் அறிவியல் அடித்தளம் போதாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வு மன்றம் 2009இல் அறிக்கை தந்தது.

கணக்கைக் கண்டு பயந்து குற்றவியல் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல குற்றவியல் துறையில் புள்ளியியலிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. 1945இல் பிறந்து, பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசித்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளைக் குற்றவியலாளர் உல்ஃப்காங்கின் குழு அவர்களின் 18 வயது வரை ஆராய்ந்தது. அவர்களில் 6.3 சதவீதம் பேர், மொத்தம் பதிவான குற்றங்களில் பாதிக்கும் சற்று அதிகமானவற்றுக்குக் காரணம். இதைக் கேட்டதும் அந்த ஆறு சதவீதத்தைச் சிறுவயதிலேயே பிடித்து உள்ளே போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அரசியல்வாதிகளும் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆறு சதவீதம் யார் என்பது பதினெட்டு வயதுக்குப் பிறகு திரும்பிப் பார்த்ததால்தான் தெரிந்தது. பத்து வயதில் முன்கூட்டிக் கணிக்கப் போனால், பின்னால் எந்தத் தப்பும் செய்யாத பல பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். போதாததற்கு, இது போலீஸ் பதிவு; போலீஸ் யாரை அதிகம் நிறுத்துகிறதோ அவர்கள் பெயர்தான் அதில் அதிகம் ஏறும். ஒரு எண்ணை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பிற்காலத்தில் வேலையிடத்தில் கிடைப்பது அபூர்வம்.

அதனால்தான் முதல் பட்டத்துக்குக் குற்றவியலையும் நீதி நிர்வாகத்தையும் பக்கத்தில் வைத்தால் நான் குற்றவியலையே சொல்வேன். நடைமுறைகளைப் பணியில் சேர்ந்து சில மாதங்களில் கற்றுவிடலாம். சட்டம் திருத்தப்படும்போது அவையும் மாறும். ஏற்கெனவே காவல்துறையிலோ சிறைத்துறையிலோ இருப்பவருக்கு இது பொருந்தாது. அன்றாடம் கையில் இருக்கும் பிரச்சினைகளை ஒழுங்காக யோசிக்க நீதி நிர்வாகப் படிப்பு அவருக்கு உடனே உதவும். சட்டம் படித்துவிட்டு முதுகலையில் குற்றவியல் எடுப்பதும் நல்ல வழி. தண்டனையைத் தீர்மானிக்கும் இடத்தில் அமரப்போகிறவருக்குத் தண்டனைக்குப் பின் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பின் பெயர் எதுவானாலும் பாடத்திட்டத்தை இறக்கி மூன்று விஷயங்களைத் தேடுங்கள். புள்ளியியலும் ஆய்வு முறையும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா? குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைப் பற்றித் தனித் தாள் உண்டா? வழக்கு என்பது பாதிக்கப்பட்டவர் உள்ளிட்ட உரியவர்களிடமிருந்து அரசு பறித்துக்கொண்ட சொத்து என்று நார்வேயின் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதினார். அந்த விவாதம் இல்லாமல் நீதியைப் படிப்பது அரைப் படிப்பு. மூன்றாவது, களப்பணி. சிறைக்கு ஒரு நாள் சுற்றுலா போல அழைத்துப்போய்க் கூட்டிவருகிறார்களா, அல்லது ஒரு பருவம் முழுக்க நன்னடத்தை அலுவலகத்திலோ விடுதலையானவர்களுக்கான மறுவாழ்வு அமைப்பிலோ உட்கார்ந்து வேலை செய்ய வைக்கிறார்களா என்று துறையில் நேரடியாகக் கேளுங்கள். போன ஆண்டு மாணவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.