பெரிய எழுத்து புதிய ஏற்பாடும் சங்கீதமும்: கீமோ நேரத்துல அம்மா கையில இருந்த புக்

உடம்பு முடியாம படுத்திருக்கிறவங்களுக்கு வேதாகமம் வாங்கித் தரணும்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நான் வாங்கினது முழு வேதாகமம் இல்லீங்க, புதிய ஏற்பாடும் சங்கீதமும் (பைபிள்ல வர்ற ஜெபப் பாட்டுங்க) மட்டும் சேர்ந்த பெரிய எழுத்து புக், கருப்பு ரெக்சின் அட்டை, உள்ள ஒரே ஒரு ரிப்பன். வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கிறிஸ்தவ புக் கடையில வாங்கினது. மொழிபெயர்ப்பு நாம சின்ன வயசுல இருந்து சபையில படிக்கிற அதே பழையதுதான், அதனால மனப்பாடமா தெரிஞ்ச வசனம் எல்லாம் வார்த்தை மாறாம அப்படியே இருக்கு, வயசானவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எங்களுக்கு குடியாத்தம். அம்மாவுக்கு மார்புல கேன்சர்னு தெரிஞ்சி வேலூர்ல கீமோ ஆரம்பிச்சாங்க. கீமோ போட்டவங்க வீட்ல இருந்தா உங்களுக்கே தெரியும், சில மருந்துக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிடும், ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது, பஸ்ல சில்லறை எண்ணிக் கொடுக்க முடியாது. அம்மாவோட பழைய பைபிள் கல்யாணத்துக்கு கொடுத்தது, பேப்பர் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், மரத்துப்போன விரல்ல திருப்பினா நாலு பக்கம் சேந்தே வரும், அம்மா விரல நாக்குல தொட்டுத் தொட்டு திருப்புவாங்க, வெள்ளை அணு கொறஞ்சிருக்கிற நேரத்துல அந்த பழக்கமே கூடாதும்மான்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல ஒரு கையில வென்ஃப்ளான் (மருந்து ஏத்த நரம்புல குத்தி வைக்கிற சின்ன குழாய்) வேற இருக்கும். ஒரு நாள் பைபிள மடியில வச்சினு திறக்காமலே உக்காந்துனு இருந்தாங்க, ஏம்மான்னு கேட்டா "கை ஒத்துழைக்க மாட்டேங்குது கண்ணு"ன்னாங்க. அன்னைக்கே கடைக்கு போனேன்.

கடையில முழு வேதாகமமும் பெரிய எழுத்துல இருக்கு. படிக்க அருமையா இருக்கு, ஆனா கனம்னா அப்படி ஒரு கனம், மேஜை மேல வச்சி படிக்கிறவங்களுக்குதான் அது சரிப்படும். படுத்துனு நெஞ்சு மேல வச்சி படிக்கிறவங்களுக்கு, அதுவும் நெஞ்சுல ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அது ஆகவே ஆகாது. கடைக்கார அண்ணன் "யாருக்கும்மா வாங்குற"ன்னு கேட்டாரு, சொன்னதும் பெருச உள்ள வச்சிட்டு இந்த புக்க எடுத்து கையில கொடுத்து "ஒரே விரல்ல திருப்பிப் பாரு"ன்னாரு. திருப்பினேன், ஒரே பக்கம்தான் வந்துச்சு, பேப்பர் நல்ல தடிப்பு. அவ்ளோதான், பில் போட சொல்லிட்டேன்.

எழுத்து நல்ல கருப்பா பெருசா இருக்கு. வார்டுல ராத்திரி பெரிய லைட்ட அணைச்சிட்டு சின்ன லைட்டு மட்டும் போட்டுடுவாங்க, அந்த வெளிச்சத்துலயே அம்மா கண்ணாடி போட்டுனு படிச்சாங்க. ரெக்சின் அட்டைங்கிறதால சானிடைசர் போட்டு தெனமும் துடைக்கலாம், இது நான் எதிர்பாக்காத ஒரு வசதி.

குறைய சொல்லணும்னா, துடைச்சி துடைச்சி அட்டை மேல இருந்த தங்க எழுத்து பாதி போயிடுச்சு. ரிப்பன் ஒண்ணு பத்தாது, சங்கீதத்துல ஒண்ணு, புதிய ஏற்பாட்டுல வர்ற கடிதங்களான நிருபங்கள்ல ஒண்ணுன்னு ரெண்டாவது வேணும், அம்மா அப்பாயின்ட்மென்ட் சீட்டத்தான் மடிச்சி அடையாளம் வச்சிருந்தாங்க. சங்கீதம் புக்கோட பின்பக்கம் வருது, அடிக்கடி அங்கயே திறந்து திறந்து அந்த பக்கத்து தையல் தளர்ந்துடுச்சு, ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். பெரிய குறைன்னா இதுல ஏசாயா இல்ல, அது பழைய ஏற்பாட்டு புஸ்தகம். அம்மாவுக்கு உயிரே ஏசாயா 40தான், "சோர்ந்துபோகிறவனுக்கு அவர் பெலன் கொடுத்து"ன்னு வருமே அது. ஸ்கெட்ச் பேனாவுல அந்த கடைசி மூணு வசனத்த பெருசா எழுதி பின்னட்டையோட உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன், படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் மொதல்ல பாப்பாங்க.

இத வச்சினு அம்மா என்னா படிச்சாங்கன்றதையும் சொல்லணும், ஏன்னா புக்கோட மதிப்பே அதுலதான் இருக்கு. நல்லா இருக்கும்போது எல்லாரும் 23ம் சங்கீதம், 91ம் சங்கீதம் படிப்போம். அம்மா ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் வாந்தி நிக்காம கெடந்தப்ப படிச்சது 88ம் சங்கீதம். அது ஆரம்பத்துல மட்டும்தான் என் இரட்சிப்பின் தேவனேன்னு கூப்பிடுது, அப்புறம் கடைசி வரைக்கும் புலம்பல்தான், சிநேகிதங்க தெரிஞ்சவங்க எல்லாம் தூரமா போயிட்டாங்கன்னு சொல்லியே முடிஞ்சிடுது, மத்த சங்கீதம் மாதிரி முடிவுல ஒரு ஸ்தோத்திரம் கூட இல்ல. அத ரெண்டு தடவ படிச்சிட்டு "ஆண்டவர்கிட்ட இப்படியும் பேசலாம்னு அவரே எழுதி வச்சிருக்காரு பாரு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அழுதுதான் ஜெபம் பண்ணாங்க, ஆனா பண்ணாங்க, அதுக்கு முன்னாடி ஒரு வாரமா ஜெபமே வாயில வரல.

பாக்க வந்தவங்க சில பேரு விசுவாசம் மட்டும் இருந்தா போதும் மருந்து எதுக்குன்னு பேசிட்டு போனாங்க. படுக்கையில கெடக்கிற ஒருத்தர்கிட்ட தயவு செஞ்சி அப்படி பேசாதீங்க, நோய் போகலன்னா உன் விசுவாசம்தான் கொறைன்னு அவங்க தலையில கட்டுற மாதிரி ஆயிடும். அப்போஸ்தலர் பவுலே மாம்சத்துல இருந்த முள்ள, அதாவது உடம்புல இருந்த ஒரு வேதனைய, எடுக்கச் சொல்லி மூணு தரம் வேண்டிக்கிட்டாரு, எடுக்கல. அவருக்கு கெடச்ச பதில் "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்". இது 2 கொரிந்தியர் 12:9, இந்த புக்குல இருக்கு, அம்மா பென்சில்ல கோடு போட்டிருக்காங்க, மரத்த விரல்ல போட்டதால கோடு நெளிஞ்சி நெளிஞ்சி போகும்.

வேலூர்க்காரங்களுக்கு இந்த வசனம் புரியறதுக்கு தூரமா போக வேணாம். வேலூர் சீஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ அசைவில்லாம போனவங்க. சுகம் கெடைக்கல. ஆனா சக்கர நாற்காலியில உக்காந்துனே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம் வெளிநாடு போயி மறுவாழ்வு மருத்துவம் படிச்சிட்டு வந்தாங்க, வேலூர் பாகாயத்துல 1966ல ஆரம்பிச்ச சீஎம்சி மறுவாழ்வு மையம் அவங்க உழைப்புதான், 1972ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இத அம்மாகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "எனக்கு ஆஸ்பத்திரி கட்டுற பலம் வேணாம், நாளைக்கு காலையில எழுந்து பல்லு வெளக்குற பலம் கெடச்சா போதும்"னாங்க. அதத்தான் ஜெபத்துலயும் கேட்டாங்க. அந்த பலம் ஒவ்வொரு நாளும் அந்தந்த நாளுக்கு வந்துச்சு, நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அத எந்த எடத்துலயும் சொல்லுவேன்.

இப்போ கீமோ முடிஞ்சிடுச்சு, மாத்திரை ஓடினு இருக்கு, விரல் மரப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆற்காட்டுல இருக்கிற பெரியம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது, அவங்களுக்கும் இதே புக் இன்னொண்ணு வாங்கிட்டேன், டயாலிசிஸ் நேரத்துல ஒரு கைய அசைக்கவே கூடாது, மறு கையாலயே புடிச்சி படிக்கலாம். முழு வேதாகமமும் வேணும்ங்கிறவங்க, இல்ல சபைக்கு எடுத்துனு போகணும்ங்கிறவங்க இத வாங்காதீங்க. நோயாளிக்கு வாங்குறவங்க ஆன்லைன்ல படத்த பாத்து வாங்காம நேரா கடைக்கு போயி கனத்தையும் பேப்பரையும் கையால பாத்து வாங்குங்க, ஏசாயா 40 ஒரு பேப்பர்ல எழுதி பின்னட்டையில ஒட்டிடுங்க, ஒரு ரிப்பன் துண்டும் சேத்து வாங்கிக்கோங்க.