அகத்தியா, மணத்தக்காளியா, கைலானா?

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் சனிக்கிழமை காலை கீரைக் கட்டுகளுக்கு முன்னால் நின்றால் எனக்கு எப்போதும் இதே தடுமாற்றம். ஒரு வாரம் முழுக்க உணவங்காடியில் சாப்பிட்டு வயிறு மந்தமாகிவிட்டது. அகத்தி, மணத்தக்காளி, கைலான் என்கிற சீனக் கீரை, இந்த மூன்றில் எதை எடுப்பது?

மூன்றில் கசப்பு அதிகம் அகத்திக்குத்தான். ஏகாதசி விரதம் முடிந்த துவாதசி அன்று நெல்லிக்காயோடும் சுண்டைக்காயோடும் இலையில் இடம்பிடிக்கிற கீரை அது. கசப்பு நாவில் பட்டதும் உமிழ்நீர் ஊறும். காய்ந்து கிடந்த வயிற்றுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் வேலை அதிகம். ஈர்க்கிலிருந்து இலைகளை உருவி, பொடியாக நறுக்கி, அரிசி கழுவிய நீரில் வேகவைத்துத் தேங்காய்த் துருவல் சேர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். பெரிய கட்டு வெந்தபின் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். சித்த மருந்து சாப்பிடுகிறவர்களை வைத்தியர்கள் அகத்தியைத் தொடவே விடமாட்டார்கள். மருந்தை முறித்துவிடும் என்பார்கள்.

மணத்தக்காளியின் கசப்பு இதமானது, குழந்தைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். வாய்ப்புண், வயிற்றுப்புண் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறு வைத்தால் வெறுஞ்சோறே போதும். கட்டோடு வரும் பச்சைக் காய்களை மட்டும் நான் கிள்ளி எறிந்துவிடுகிறேன். அவற்றில் சோலனின் என்ற நச்சு உண்டு.

கைலானைப் பல காலம் 'சீனர்கள் சாப்பிடுவது' என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். அசட்டுத்தனம். மலச்சிக்கல்தான் தொல்லை என்றால் அதற்கு வேண்டியது நார்ச்சத்தும் தண்ணீரும். நாக்கில் எவ்வளவு கசக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. அகத்தியைக் கைப்பிடியளவு தின்கிறோம், கைலானை ஒரு தட்டு நிறைய. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. தடித்த தண்டின் தோலைச் சீவி, சாய்வாக நறுக்கி, பூண்டைத் தட்டிப் போட்டு வதக்கினால் 5 நிமிடத்தில் தயார். கடையில் வாங்கினால் மேலே ஊற்றும் சிப்பிச் சாற்றின் உப்புதான் தொல்லை. அந்தச் சாற்றைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையில் குறுக்கிடும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போதெல்லாம் என் பையில் கைலான் இரண்டு கட்டு, மணத்தக்காளி ஒரு கட்டு. அகத்தி வாங்குவது அம்மா ஊரிலிருந்து வந்து எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தங்கும்போது மட்டும்தான். தொலைக்காட்சி பார்த்தபடியே, கையைக்கூடப் பார்க்காமல், ஒரு கட்டையும் உருவி முடித்துவிடுவார்.