காலநிலைப் பாடத்துக்குக் காணொளியா, மழைமானியா?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலநிலை மாற்றத்தைப் பேச விரும்பும் ஆசிரியர்கள் பலர் இவ்விரண்டுக்கும் இடையில் தயங்குகிறார்கள்.

செலவு: காணொளிக்குத் திரையும் மின்சாரமும் வேண்டும், மழைமானிக்கு, மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்த தண்ணீர் பாட்டிலும் அளவுகோலும் போதும். அடிக்குழிவைக் கூழாங்கல்லும் நீரும் இட்டுச் சமன்செய்து, அந்த மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும்.

நேரம்: காணொளி ஒரே பாடவேளையில் முடியும், மழைமானி அக்டோபர் முதல் டிசம்பர் வரை அன்றாடம் காலையில் பார்த்து எழுதும் பொறுமையைக் கேட்கும்.

புரிதல்: கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைப்பதைக் காணொளியே நன்கு காட்டும், ஆனால் 2018 கஜா புயலில் தென்னைகளை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு அழிவுக் காட்சிகள் அச்சத்தையே தரக்கூடும். மழைமானியோ ஒரு பருவத்தின் வானிலையை மட்டுமே சொல்லும். காலநிலைக்கு ஏறத்தாழ 30 ஆண்டுச் சராசரி வேண்டும் என்பதை ஆசிரியர்தான் விளக்க வேண்டும்.

காரணத்தை விரைவாக விளக்கக் காணொளி பொருந்தும். பிள்ளைகள் தாமே கேள்வி கேட்க வேண்டுமெனில் மழைமானியையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.