லண்டன் 1951: படம் அருமை, ஃபிரேம் மோசம்

நாகர்கோவிலில் பழைய சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் போன மாசம் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் வாங்கினேன், ஃபிரேமோடு 2,400 ரூபாய். 1951-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் நடந்த பிரிட்டன் விழா என்ற தேசியக் கண்காட்சிக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோது எடுத்தவை. “ஒரிஜினல் இல்ல அண்ணே, மறுபிரிண்ட்தான்” என்று கடைக்காரத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார், அது பிடித்தது.

போர் முடிந்து ஆறு வருஷம், ரேஷன்கூட இன்னும் தீரவில்லை, அந்த நிலைமையில் 365 அடி விட்டத்துக்கு ஒரு அலுமினியக் குவிமாடம்! ஆனால் எனக்கு உயிர் ஸ்கைலான் படம்தான். கம்பி வடங்களில் தொங்கி அந்தரத்தில் நிற்கிற கோபுரம், படத்தில் பாதிதான் எழும்பியிருக்கிறது. கீழே சேற்றில் தொப்பிக்காரர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். வள்ளுவர் சிலைக்குச் சாரம் கட்டியிருந்த காலத்தில் கன்னியாகுமரிக் கரையில் நாங்கள் நின்றதும் அப்படித்தான். கோபுரத்தையும் குவிமாடத்தையும் அடுத்த வருஷமே பிரித்துவிட்டார்கள், அந்த விழாவுக்குக் கட்டிய ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசை அரங்கம் மட்டும் இன்றும் இருக்கிறது.

ஃபிரேம்தான் சொதப்பல். சுற்றி மவுண்ட் அட்டை வைக்காமல் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்தியிருக்கிறார்கள். நம்ம ஊர் ஆடிச் சாரலுக்கு அது தாங்குமா? குவிமாடத்தின் ஓரம் இப்போதே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மற்ற இரண்டையும் கழற்றி வடசேரியில் வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன்.